பட்டுக்குள் படிகம்: பாலிமர் படிகத்தின் வடிவத்தைக் கட்டுப்படுத்தக் கற்பவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தருமபுரி பட்டுக்கூடு அங்காடியில் ஏலம் தொடங்கும் முன் நூற்பாளர்கள் குவியல் குவியலாகப் பார்த்துக்கொண்டே வருவார்கள். ஒரு கைப்பிடி கூட்டை அள்ளி, ஒன்றிரண்டைக் காதருகே வைத்துக் குலுக்குவார்கள். உள்ளே புழு கூட்டுப்புழுவாக மாறிவிட்டதா என்பதைச் சத்தமே சொல்லிவிடும். பிறகு கட்டைவிரலால் கூட்டை அழுத்திப் பார்ப்பார்கள். விரல் அமுங்காமல் எதிர்த்து நின்றால் விலை ஏறும். விரலை எதிர்த்து நிற்கும் அந்தப் பொருள் ஒரு பாலிமர். சில நானோமீட்டர் அளவுள்ள எண்ணற்ற படிகங்கள் அதற்குள் நூலின் திசையிலேயே அடுக்கி நிற்கின்றன.

இப்படி ஓர் அங்காடி நம் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனாலும் உயர்திறன் பாலிமர், படிக வடிவக் கட்டுப்பாடு என்று பேச்செடுத்தால் நம் பகுதி வேதியியல் மாணவர்கள் அது அமெரிக்காவிலோ ஜப்பானிலோ நடக்கிற சமாச்சாரம் என்று ஒதுங்கிவிடுகிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. உலகத்தின் மிக நுட்பமான படிகக் கட்டுப்பாடு நம் ஊர் புழு வளர்ப்பு மனைகளில் ஒவ்வொரு மாதமும் நடக்கிறது. அதைப் புரிந்துகொள்ள ஒரு கல்லூரி ஆய்வகமும் ஒரு பை கழிவுக் கூடும் போதும்.

ஒரே ஒரு கருத்தைச் சுற்றித்தான் இந்த வழிகாட்டி முழுவதும் சுழல்கிறது. பாலிமர் படிகத்தின் வடிவம் அது பிறக்கும் நேரத்தில் முடிவாகிறது. பிறந்தபின் அதைத் திருத்த அநேகமாக வழியில்லை.

முதல் படி: எந்தப் படிகத்தைப் பற்றிப் பேசுகிறோம்?

உப்பிலும் கற்கண்டிலும் அலகுகள் சிறியவை. ஒவ்வொன்றும் தனித்தனியே வந்து தன் இடத்தில் உட்காரும். பாலிமரில் அப்படி முடியாது. ஆயிரக்கணக்கான அலகுகள் ஒரே சங்கிலியாகக் கோத்துக் கிடக்கின்றன. சங்கிலியின் ஒரு பகுதி ஒரு படிகத்துக்குள் ஒழுங்காக அடுக்கியிருக்கும், அடுத்த பகுதி வெளியே தளர்வாகக் கிடக்கும், அதன் மறுமுனை பக்கத்துப் படிகத்துக்குள் புகுந்திருக்கும். ஆகவே ஒரு பாலிமரின் வலிமையைத் தீர்மானிக்க அதில் எவ்வளவு படிகம் இருக்கிறது என்ற கணக்கு மட்டும் போதாது. படிகம் என்ன வடிவம், எந்தத் திசையில் நிற்கிறது, சங்கிலி அதற்குள் மடிந்திருக்கிறதா நீண்டிருக்கிறதா என்பதெல்லாம் சேர்ந்துதான் தீர்மானிக்கும்.

1957இல் ஆன்ட்ரூ கெல்லர் பாலிஎத்திலீனை நீர்த்த கரைசலிலிருந்து படிகமாக்கிப் பார்த்தார். கிடைத்தவை சுமார் 10 நானோமீட்டர் தடிமனுள்ள மெல்லிய தகடுகள். சங்கிலியின் நீளமோ அதைவிடப் பல மடங்கு. சங்கிலி தகட்டுக்குள் மேலும் கீழும் மடிந்து மடிந்துதான் அடுக்கியிருக்க முடியும் என்று அவர் முடிவு செய்தார். கடையில் வாங்கும் பாலித்தீன் பையில் இருப்பவை இப்படி மடிந்த சங்கிலிகள். அதே பாலிஎத்திலீனின் மிக நீண்ட சங்கிலிகளை மடியவிடாமல் நேராக நீட்டிப் படிகமாக்கினால் குண்டு துளைக்காத உடைக்கான நார் கிடைக்கிறது. இரண்டிலும் வேதியியல் ஒன்றே, வடிவம் வேறு.

உயர்திறன் பாலிமர்களில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. அவற்றின் சங்கிலி விறைப்பானது, சங்கிலிகளுக்கு இடையிலுள்ள பிடிப்பும் அதிகம். வெப்பத்தைத் தாங்குவதும் வேதிப்பொருளுக்கு அசையாமல் நிற்பதும் அதனால்தான். அதனாலேயே அவற்றில் பல உருகுவதற்கு முன் சிதைந்துவிடும், எளிதில் எதிலும் கரையாது. உருக்கவும் கரைக்கவும் முடியாத பொருளுக்கு மறுபடி வடிவம் கொடுப்பது எப்படி? தயிராக உறைந்தபின் அதைத் திரும்பப் பாலாக்க முடியாதல்லவா, அதே நிலைதான். உறைவதற்கு முன்பே எல்லாவற்றையும் முடிவு செய்துவிட வேண்டும்.

பட்டும் இந்த வகைதான். சூடாக்கினால் உருகாமல் கருகும். தண்ணீரிலும் சாதாரணக் கரைப்பான்களிலும் கரையாது. எனவே கற்கத் தொடங்குபவருக்குப் பட்டைவிட நல்ல மாதிரிப் பொருள் கிடைப்பது கடினம்.

இரண்டாம் படி: புழு எப்படிச் செய்கிறது என்று பாருங்கள்

ஆய்வகத்துக்குள் நுழையும் முன் இதைப் புரிந்துகொள்வது அவசியம். அடுத்து வரும் படிகள் எல்லாம் இதைப் பார்த்துச் செய்பவைதான்.

பட்டு நூலின் உள்ளே இருக்கும் புரதம் ஃபைப்ரோயின். அதன் பெரிய சங்கிலியில் 5,263 அமினோ அமிலங்கள் உள்ளன. கிளைசின், அலனின், கிளைசின், அலனின், கிளைசின், செரின் என்ற ஆறெழுத்து வரிசை அதில் திரும்பத் திரும்ப வருகிறது. மூன்றுமே பக்கக் கிளை சிறிதாக உள்ள அமினோ அமிலங்கள். அதனால் சங்கிலிகள் ஒன்றோடொன்று நெருங்கி, தகடுபோல விரிந்து, தகட்டின் மேல் தகடாக அடுக்க முடிகிறது. இந்த பீட்டா தகட்டு அடுக்குதான் பட்டின் படிகம். மார்ஷ், கோரி, பாலிங் ஆகிய மூவரும் 1955இல் இதன் அமைப்பை வெளியிட்டார்கள். புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும், எவற்றில் முடியாது என்பதை ஒரே படத்தில் காட்டும் வரைபடத்தை 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோர் தந்தார்கள். பீட்டா தகட்டுக்கு அந்த வரைபடத்தில் தனி இடம் உண்டு. உலகெங்கும் புரத ஆய்வாளர்கள் இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள். பட்டின் படிகத்தைப் படிக்கும் தமிழ் மாணவர் அந்த வரைபடத்திலிருந்து தொடங்குவது நல்லது.

பெரிய சங்கிலி முழுவதும் படிகமாவதில்லை. படிகமாகக்கூடிய 12 பகுதிகளும், அவற்றுக்கு இடையே படிகமாகாத 11 குறுகிய இணைப்புகளும் அதில் மாறி மாறி வருகின்றன. எங்கே படிகம் வரலாம், எங்கே வரக்கூடாது என்பது சங்கிலி உருவாகும்போதே அதில் எழுதப்பட்டிருக்கிறது. தொகுப்பின்போது படிகத்தைக் கட்டுப்படுத்துவதன் முதல் பாடம் இதுதான்: சங்கிலியின் வரிசையே முதல் கட்டுப்பாடு.

இரண்டாம் பாடம் புழுவின் சுரப்பியில் இருக்கிறது. சுரப்பியின் பின்பகுதியில் ஃபைப்ரோயின் உருவாகிறது. நடுப்பகுதியில் கால்பங்குக்கும் மேல் அடர்த்தியுள்ள கரைசலாகச் சேர்ந்து நிற்கிறது. அவ்வளவு அடர்த்தியிலும் அங்கே உறைவதில்லை. நினைத்துப் பார்த்தால் இது பெரிய ஆச்சரியம். அதே கரைசலை நாம் குப்பியில் எடுத்து வைத்தால் சீக்கிரமே கூழாகிவிடும். முன்பகுதிக்கு வரவரக் குழாய் குறுகுகிறது, அமிலத்தன்மை கொஞ்சம் கூடுகிறது, உப்பு அயனிகள் மாறுகின்றன, நீர் வெளியேறுகிறது. கடைசியில் புழு தன் தலையை எட்டு வடிவில் ஆட்டி நூலை இழுக்கிறது. அந்த இழுப்பில் சங்கிலிகள் நீண்டு வரிசையாகி, வரிசையான நிலையிலேயே படிகமாகின்றன. முதலில் வரிசை, பிறகு உறைவு. இந்த ஒழுங்கு தலைகீழானால் பட்டு கிடைக்காது, பசைக்கட்டிதான் கிடைக்கும்.

இழுக்கும் வேகம் எவ்வளவு முக்கியம் என்பதைச் செங்ஷோங் ஷாவோவும் ஃபிரிட்ஸ் வோல்ராத்தும் 2002இல் நேச்சர் இதழில் காட்டினார்கள். புழுவைத் தானாகக் கூடு கட்டவிடாமல், அதன் வாயிலிருந்து நூலை ஒரே வேகத்தில் நேராக இழுத்தார்கள். வேகம் கூடக்கூட நூல் வலுவாகவும் நீட்சி குறைவாகவும் வந்தது. மெதுவாக இழுத்தால் வலு குறைந்து நீட்சி கூடியது. புழுவும் அதுதான், சுரப்பியும் அதுதான். மாறியது இழுப்பின் வேகம் மட்டுமே.

பட்டு விவசாயிக்கும் இதில் பங்கு உண்டு. பழுத்த புழுவைச் சந்திரிகையில் (கூடு கட்டும் தட்டில்) விட்டபின் இரண்டு மூன்று நாள் மனையில் காற்றோட்டம் வேண்டும், சுமார் 25 பாகை செல்சியஸ் வெப்பமும் 60–65 சதவீத ஈரப்பதமும் இருந்தால் நல்லது என்று பட்டு வளர்ச்சித் துறையினர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். ஈரம் அதிகமானால் நூலைச் சுற்றியுள்ள செரிசின் பசை மெதுவாகக் காய்ந்து இறுகிப் பிடித்துக்கொள்கிறது, நூற்கும்போது நூல் அறுந்துகொண்டே இருக்கிறது. மழைக்காலத்தில் சந்திரிகைகளை நெருக்கி வைத்த விவசாயிக்கு அங்காடியில் விலை குறைவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மூன்றாம் படி: கூடு சேகரியுங்கள்

முதல்தரக் கூடு தேவையில்லை. ஓட்டை விழுந்த கூடு, இரட்டைக் கூடு, நூற்பாளர் ஒதுக்கும் மெல்லிய கூடு ஆகியவை போதும். முட்டை தயாரிக்கும் மையங்களில் அந்துப்பூச்சி வெளியேறிய கூடுகள் கிடைத்தால் இன்னும் நல்லது. உள்ளே கூட்டுப்புழு இருக்காது. கறை படிந்தவற்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள். வெண்பட்டுக்கூடு எடுத்தால் நிறமியை நீக்கும் வேலை மிச்சம். கூட்டைக் கத்தரித்து, உள்ளே இருக்கும் தோல், தூசு எல்லாவற்றையும் தட்டிவிட்டு, விரல் நக அளவுத் துண்டுகளாக வெட்டி 5 கிராம் எடை போடுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் கவனம் வேண்டும். தருமபுரி மாவட்டத்து ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் கடின நீர், ஃபுளோரைடும் பல ஊர்களில் அதிகம். கால்சியமும் மெக்னீசியமும் ஃபைப்ரோயினின் போக்கை மாற்றக்கூடியவை. எனவே தொடக்கம் முதல் கடைசி வரை காய்ச்சி வடித்த நீரையே பயன்படுத்துங்கள்.

நான்காம் படி: செரிசினை நீக்குங்கள்

2 லிட்டர் நீரைக் கொதிக்கவைத்து அதில் 4.24 கிராம் நீரற்ற சோடியம் கார்பனேட்டைப் போடுங்கள். மளிகைக் கடைச் சலவைச் சோடாவில் படிகநீர் கலந்திருக்கும். அதை எடுத்தால் சுமார் 11.4 கிராம் வேண்டும். கூட்டுத் துண்டுகளைப் போட்டு, அவ்வப்போது கிளறி, சரியாக 30 நிமிடம் கொதிக்கவிடுங்கள்.

இந்த 30 நிமிடம் ஒரு கட்டுப்பாட்டுக் கருவி என்பதை மறக்க வேண்டாம். நேரம் கூடினால் பசையோடு சேர்ந்து ஃபைப்ரோயின் சங்கிலியும் அறுபடும். சங்கிலி குறுகினால் படிகங்களை ஒன்றோடொன்று இணைக்கும் பாலங்கள் குறையும், கடைசியில் வரும் படலம் நொறுங்கும். நேரம் குறைந்தால் செரிசின் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரே கூட்டிலிருந்து 10, 30, 60 நிமிடம் என்று மூன்று மாதிரி செய்து ஒப்பிட்டால் சங்கிலி நீளத்தின் பங்கு நேரடியாகப் புலப்படும். ஆய்வுத் திட்டம் தேடும் இளநிலை மாணவருக்கு இது மட்டுமே போதுமான தலைப்பு.

பிறகு நாரைப் பிழிந்து, ஒவ்வொரு முறையும் 20 நிமிடமாக மூன்று முறை அலசி, இரவு முழுவதும் உலரவிடுங்கள். எடை கால் பங்குக்குச் சற்று மேல் குறைந்திருக்க வேண்டும். விரலுக்கிடையே உருட்டினால் வழுவழுப்பே இருக்காது, பஞ்சுபோலப் பிரியும். இன்னும் வழுக்கினால் செரிசின் மிச்சம் இருக்கிறது என்று பொருள்.

ஐந்தாம் படி: கரையாததைக் கரைப்பது

இயற்கை கட்டிவைத்த படிகத்தை இந்தப் படியில் முழுவதுமாகக் கலைக்கிறோம். ஆய்வகங்களில் வழக்கமாக லித்தியம் புரோமைடின் 9.3 மோலார் கரைசலில், 60 பாகையில், 4 மணி நேரம் கரைப்பார்கள். அது விலை அதிகம். கல்லூரிக்கு ஏற்றது கால்சியம் குளோரைடு, எத்தனால், நீர் மூன்றும் 1:2:8 என்ற மோல் விகிதத்தில் சேர்ந்த கலவை. எடையில் சொன்னால் நீரற்ற கால்சியம் குளோரைடு 111 கிராம், எத்தனால் 92 கிராம், நீர் 144 கிராம். உங்களிடம் இருப்பது இரண்டு படிகநீர் கொண்ட வகை என்றால் 147 கிராம் எடுத்து, நீரை 108 கிராமாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

உப்பை நீரில் சேர்க்கும்போது கொதிப்பது போலச் சூடேறும். சிறிது சிறிதாகச் சேர்த்து, நன்றாக ஆறியபின்தான் எத்தனாலை ஊற்ற வேண்டும். பக்கத்தில் எங்கேயும் சுவாலை இருக்கக்கூடாது. மின் நீர்த்தொட்டியில் 70 பாகை வைத்து, ஒரு கிராம் நாருக்கு 20 மில்லி என்ற அளவில் கலவையை ஊற்றி, மூடி வையுங்கள். முதலில் நார் வீங்கிக் கண்ணாடிபோலத் தெரியும். பிறகு ஓரங்கள் மறைந்து, ஒன்றிரண்டு மணி நேரத்தில் தேன் நிறத்தில் கெட்டியான திரவம் மிஞ்சும். இங்கே உப்பயனிகள் சங்கிலிகளுக்கு இடையே புகுந்து ஹைட்ரஜன் பிணைப்புகளை விடுவிக்கின்றன.

ஆறாம் படி: உப்பை வெளியேற்றுங்கள்

கரைசலை டயாலிசிஸ் குழாயில் (உப்பை மட்டும் வெளியே விடும் சவ்வுப் பையில்) ஊற்றி, இரு முனையையும் கட்டி, பெரிய பாத்திரத்து நீரில் மிதக்கவிடுங்கள். இரண்டு நாளில் ஆறு முறையாவது நீரை மாற்ற வேண்டும். உப்பு போய்விட்டதா என்று அறிய வெளிநீரில் ஒரு துளி வெள்ளி நைட்ரேட் விடுங்கள். வெண்மேகம் தோன்றினால் குளோரைடு இன்னும் இருக்கிறது, நீரை மாற்றுங்கள். துளி விட்டபின்னும் தெளிவாக இருந்தால் நிறுத்தலாம்.

பையை உலுக்கவோ அழுத்தவோ கூடாது. இந்த நிலையில் ஃபைப்ரோயின் நீரில் நிற்பது தற்காலிகம்தான். அசைவு, சூடு, அமிலம் எது பட்டாலும் படிகமாகத் தொடங்கிவிடும். எடுத்த கரைசலை மையவிலக்கியில் சுழற்றித் துகளை நீக்கி, குளிர்பெட்டியில் 4 பாகையில் வையுங்கள். ஒரு மில்லியை எடை போட்ட மூடியில் உலர்த்தி மறுபடி எடை போட்டால் அடர்த்தி தெரியும். 4 முதல் 6 சதவீதம் இருந்தால் அடுத்த படிக்குப் போதும். குறைவாக இருந்தால் பையோடு விசிறிக் காற்றில் கொஞ்ச நேரம் தொங்கவிடுங்கள்.

ஏழாம் படி: படிகம் பிறக்கும் இடம்

இதுவரை செய்தது எல்லாம் தயாரிப்பு. இனிமேல்தான் ஒரே கரைசலிலிருந்து வேறு வேறு படிகங்களை வருவிக்கப் போகிறோம். அடி தட்டையான பிளாஸ்டிக் தட்டுகளில் ஒரே அளவு ஊற்றி நிழலில் உலர்த்துங்கள். மறுநாள் கண்ணாடித்தாள் போன்ற படலம் கிடைக்கும். அதை நான்காகப் பிரியுங்கள்.

முதல் துண்டை அப்படியே விடுங்கள். அதில் சங்கிலிகள் பெரும்பாலும் ஒழுங்கின்றிக் கிடக்கும்.

இரண்டாம் துண்டை 80 சதவீத எத்தனாலில் ஒரு மணி நேரம் ஊறவைத்து உலர்த்துங்கள். ஆல்கஹால் சங்கிலியைச் சுற்றியுள்ள நீரைப் பறிக்கிறது. ஒரே நேரத்தில் எல்லா இடத்திலும் படிகக் கருக்கள் தோன்றுகின்றன. வளர இடமில்லாததால் சிறிய பீட்டா படிகங்கள் திசையின்றி நிறைந்துவிடுகின்றன. படலம் சற்று சுருங்கும், விறைப்பாகும். மெத்தனாலும் இதே வேலையைச் செய்யும், ஆனால் நஞ்சு. மாணவர் கையில் கொடுக்க வேண்டாம்.

மூன்றாம் துண்டை டெசிக்கேட்டரின் தட்டில் வையுங்கள். கீழே உலர்த்திக்குப் பதில் நீரை ஊற்றி மூடுங்கள். வெற்றிடப் பம்பு இருந்தால் காற்றை இழுத்துவிட்டு 12 மணி நேரம் விடுங்கள். நீராவி படலத்துக்குள் நுழைந்து சங்கிலிகளுக்குக் கொஞ்சம் அசைவு கொடுக்கிறது. எவ்வளவு அசைவு என்பது வெப்பத்தைப் பொறுத்தது. 2011இல் ஷியாவோ ஹூவும் சக ஆய்வாளர்களும் இந்த நீராவி முறையை 4 பாகை முதல் 100 பாகை வரை நடத்தி, படிக அளவை 14 சதவீதத்திலிருந்து 60 சதவீதம் வரை வேண்டிய இடத்தில் நிறுத்திக் காட்டினார்கள். குளிரில் சுருள் வகை அமைப்பு மிகுந்தது, சூட்டில் பீட்டா தகடு மிகுந்தது. வேறு எந்த வேதிப்பொருளும் சேர்க்காமல், நீரையும் வெப்பத்தையும் மட்டும் வைத்துச் செய்த கட்டுப்பாடு இது. எனக்கு மிகவும் பிடித்த முறையும் இதுதான்.

நான்காம் துண்டை ஈரக்காற்றில் சில மணி நேரம் பதப்படுத்தி, இளகியதும் இரு முனையையும் பிடித்து மெதுவாக இழுத்து, இழுத்த நிலையிலேயே ஒரு சட்டத்தில் பிணைத்து எத்தனாலில் முக்குங்கள். முதலில் வரிசை, பிறகு உறைவு என்று புழு காட்டிய ஒழுங்கு இங்கே வருகிறது. சில துண்டுகள் கிழியும். கிழியாமல் வந்தது இழுத்த திசையில் வலுவாக இருக்கும்.

எட்டாம் படி: வந்ததா என்று பாருங்கள்

முதல் சோதனைக்குக் கருவி வேண்டாம். நான்கு துண்டுகளிலிருந்தும் சிறு கீற்று வெட்டி நீரில் போடுங்கள். முதல் கீற்று குழைந்து கரையத் தொடங்கும், ஆல்கஹாலில் ஊறியது அப்படியே நிற்கும். படிகம் என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாகக் கண்ணுக்குக் காட்டும் சோதனை எனக்குத் தெரியாது.

இரண்டாவது சோதனைக்கு இரண்டு போலராய்டுத் தாள்கள் போதும். ஒன்றின் மேல் ஒன்றைக் குறுக்காக வைத்தால் வெளிச்சம் மறையும். நடுவே இழுத்த படலத்தை வைத்துச் சுழற்றினால் சில கோணங்களில் அது மட்டும் ஒளிரும். சங்கிலிகள் ஒரே திசையில் நிற்பதற்கு அதுவே அடையாளம். இழுக்காத துண்டில் படிகம் இருந்தாலும் அப்படிப் பளிச்சென்று ஒளிராது. படிக அளவு வேறு, படிகத் திசை வேறு என்பதை மாணவர்கள் இந்த இடத்தில்தான் பிரித்துப் பார்க்கக் கற்கிறார்கள்.

எண்ணாகச் சொல்ல வேண்டுமானால் அகச்சிவப்பு நிறமாலைமானி வேண்டும். அமைடு ஒன்று பட்டை 1640–1650 என்ற அலையெண் பகுதியில் இருந்தால் ஒழுங்கற்ற நிலை, 1620–1630க்கு நகர்ந்தால் பீட்டா தகடு. எக்ஸ் கதிர்ச் சோதனையில் பரந்த மேடு மட்டும் தெரிந்தால் படிகம் குறைவு, 20 பாகைக் கோணத்துக்குச் சற்று மேல் கூர்மையான சிகரம் எழுந்தால் பீட்டா படிகம் வந்துவிட்டது.

ஒன்பதாம் படி: பட்டிலிருந்து செயற்கைப் பாலிமருக்கு

பட்டில் கற்றதை வைத்துக்கொண்டு தொழிற்சாலைப் பாலிமர்களைப் பார்த்தால் அதே விதிகள் வேறு உடையில் நிற்பது தெரியும்.

1965இல் டூபான்ட் நிறுவனத்தில் ஸ்டெபனி குவோலெக் செய்த விறைப்பான பாலிமரின் கரைசல், எதிர்பார்த்ததுபோலக் கெட்டியாக இல்லாமல் மோர் மாதிரி கலங்கலாகவும் நீர்த்தும் இருந்தது. கலங்கலுக்குக் காரணம் குச்சிபோன்ற சங்கிலிகள் கரைசலிலேயே வரிசை கட்டியிருந்ததுதான். அதை நூற்றபோது வரிசை கலையாமல் நாராக உறைந்தது. கெவ்லார் அந்த வழியில் வந்தது.

இதற்கு நேர் எதிரான பாடம் பீக் என்னும் பாலிமரில் கிடைக்கிறது. அதை டைஃபீனைல் சல்போன் என்ற கரைப்பானில் 300 பாகைக்கு மேல் வைத்துத் தொகுக்கிறார்கள். வெப்பம் குறைந்தால் வளர்ந்துகொண்டிருக்கும் சங்கிலி நேரத்துக்கு முன்பே படிகமாகிக் கரைசலை விட்டு விழுந்துவிடும், அதோடு வளர்ச்சி நின்றுவிடும். இங்கே தொகுப்பு முடியும்வரை படிகத்தை வரவிடாமல் தடுப்பதுதான் கட்டுப்பாடு.

அந்த விழுதலையே கருவியாக்கியவர்களில் ஒருவர் ஜப்பானின் ஒகயாமா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குனியோ கிமுரா. நம் தலைப்புக்கு இதுவே நேரடியான எடுத்துக்காட்டு என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம். 4-அசிடாக்சிபென்சாயிக் அமிலத்தைத் திரவ பாரஃபினில் நீர்த்த அளவில் போட்டு, சுமார் 320 பாகையில் கலக்காமல் வைக்கிறார்கள். அசிட்டிக் அமிலம் வெளியேறி, அலகுகள் ஒன்றிரண்டாக இணைகின்றன. சில அலகுகள் சேர்ந்த குறுஞ்சங்கிலி ஆனதும் பாரஃபினில் கரைந்திருக்க முடியாமல் மெல்லிய தகடாகப் படிகிறது. அந்தத் தகட்டில் ஒரு சுருள் படிக்கட்டு போன்ற பிசகு இருந்தால், அடுத்து வரும் குறுஞ்சங்கிலிகள் அந்தப் படிக்கட்டிலேயே ஏறி ஏறி அடுக்குகின்றன. தகடு பக்கவாட்டில் பரவாமல் உயரமாக வளர்ந்து ஊசியாகிறது. அதே நேரத்தில் அடுக்குகளுக்கு இடையே சங்கிலி முனைகள் எதிரெதிரே நிற்பதால் திண்ம நிலையிலேயே இணைந்து நீண்ட சங்கிலி ஆகின்றன. உருகவும் கரையவும் மறுக்கும் பாலிமர் ஒன்று, மெல்லிய ஊசி வடிவப் படிகமாகவே தொகுப்புக் குடுவையிலிருந்து வெளிவருகிறது.

கிமுரா குழுவின் வேலையிலிருந்து தொடக்கநிலை மாணவர் எடுத்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று: கரைசலை விட்டுப் பிரியும் குறுஞ்சங்கிலி படிகமாகப் பிரிகிறதா, திரவத் துளியாகப் பிரிகிறதா? அந்த வெப்பத்தில் அது திண்மமாக நிற்கக்கூடியது என்றால் தகடோ ஊசியோ வரும். திரவமாகவே பிரிந்தால் துளி உறைந்து உருண்டை வரும். அடர்த்தி, வெப்பம், கரைப்பானின் இணக்கம், உடன் சேர்க்கும் இரண்டாம் மோனோமர் ஆகியவை இந்த முடிவைத் திருப்பும் நெம்புகோல்கள். கலக்குவதும் ஒரு நெம்புகோல்தான். கலக்கினால் மென்மையாக வளரும் ஊசி குலைந்துபோகும்.

பாலிஎத்திலீனிலும் இதே சிந்தனை வந்திருக்கிறது. சஞ்சய் ரஸ்தோகியும் அவரோடு பணியாற்றியவர்களும், குறைந்த வெப்பத்தில், ஒன்றுக்கொன்று தொலைவாக நிற்கும் வினையூக்கி மையங்களைக் கொண்டு மிக நீண்ட சங்கிலிகளை வளர்த்தார்கள். ஒவ்வொரு சங்கிலியும் பக்கத்துச் சங்கிலியோடு சிக்குவதற்கு முன்பே தனியாகப் படிகமாகிவிடுகிறது. அப்படிக் கிடைக்கும் பொடியை உருக்காமலும் கரைக்காமலும் திண்ம நிலையிலேயே அழுத்தி இழுத்து வலுவான நாடாவாக்க முடிகிறது.

பத்தாம் படி: பிழைகளும் பதிவேடும்

கரைசல் டயாலிசிஸ் பையிலேயே கூழானால் பெரும்பாலும் நான்கு காரணங்கள்: வெப்பம், அசைவு, அடர்த்தி மிகுதல், நீரின் அமிலத்தன்மை. படலம் தொட்டதும் நொறுங்கினால் கொதிக்கவைத்த நேரத்தைச் சரிபாருங்கள். படலத்தில் வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் உப்பு முழுதும் போகவில்லை. ஒன்றும் செய்யாத முதல் துண்டே நீரில் கரையாமல் நின்றால், அது ஈரமான நாளில் மிக மெதுவாக உலர்ந்திருக்கும். மெதுவாக உலர்வதும் ஒரு படிகமாக்கும் முறைதான், எனவே அதைத் தூக்கி எறியாமல் தனி மாதிரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்புக்குக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். வெள்ளி நைட்ரேட் தோலில் பட்டால் கருங்கறை நாள்கணக்கில் போகாது. எத்தனால் கழிவைத் தொட்டியில் ஊற்றாமல் தனிப் புட்டியில் சேருங்கள்.

பதிவேட்டில் கூடு எந்த வகை, எந்த ஊர் விவசாயியுடையது, எந்த மாதத்து அறுவடை, சந்திரிகையில் புழு விட்ட நாட்களில் மழை இருந்ததா என்பதிலிருந்து தொடங்குங்கள். பிறகு கொதித்த நிமிடம், கரைத்த வெப்பம், நீர் மாற்றிய நேரங்கள், உலர்த்திய நாளின் வெப்பமும் ஈரப்பதமும். கடைசி இரண்டையும் எழுதாமல் விடுபவர்கள் அதிகம். வைகாசியில் வந்த முடிவு ஐப்பசியில் ஏன் வரவில்லை என்று பிறகு தேடும்போது விடை அந்த இரண்டு எண்களில்தான் இருக்கும். பென்னாகரம், பாலக்கோடு, அதியமான்கோட்டைப் பக்கத்துக் கூடுகளை வெயில் காலத்திலும் மழைக் காலத்திலும் வாங்கி, ஒரே முறையில் படலமாக்கி, அகச்சிவப்பு நிறமாலையை ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வை முதுநிலை மாணவர் ஒருவர் ஓராண்டில் முடிக்கலாம். மனையின் ஈரப்பதத்தை விவசாயியே குறித்துத் தந்தால் அந்த அட்டவணை நூற்பாளருக்கும் பயன்படும்.